31 மணி நேரம் லேட்

டெல்லிக்கு வந்து ஏறக்குறைய இருபது வருஷம் ஆகிவிட்டது. இந்த ஊர்க் குளிர் பழகிவிட்டது, கடுகெண்ணெய் வாசம்கூடப் பழகிவிட்டது. இன்னும் பழகாதது மூடுபனி. டிசம்பர் கடைசி வாரம் வந்தால் போதும், பொங்கலுக்கு ஊருக்குப் போக டிக்கெட் எடுத்து வைத்திருக்கும் நம் குடும்பங்கள் எல்லாம் விடிகாலையில் எழுந்து ஜன்னல் திரையை விலக்கி எதிர் பிளாக் தெரிகிறதா என்று பார்க்கும். தெரிந்தால் பிளைட் உண்டு. தெரியாவிட்டால், நிறுத்தச் சொன்ன பாலை மறுபடி போடச் சொல்லிவிடலாம்.

போன குளிர்காலத்தில் எங்கள் குடியிருப்பில் ஒரு மாமி, மகளைப் பார்த்துவிட்டு அமெரிக்காவிலிருந்து திரும்பும்போது வழியில் ஒன்றரை நாள் மாட்டிக்கொண்டார். "நாம ஒரு நிமிஷம் லேட்டாப் போனா கவுன்ட்டரை மூடிடறான். அவன் ஒரு நாள் லேட்டா வந்தா யாரும் கேக்க முடியாதா?" என்று என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. எனக்கும் அந்தக் கேள்வியோடு பழைய கணக்கு ஒன்று உண்டு. கொஞ்சம் கொசுவத்தி சுற்றிக்கொள்கிறேன்.

2014 ஜனவரி. சிகாகோவில் இரண்டு மாதம் ஆணி பிடுங்கிவிட்டுத் திரும்ப வேண்டிய நேரம். அப்பாவுக்குத் திருச்சியில் பைபாஸ் ஆபரேஷன், வியாழக்கிழமை காலை 8 மணிக்கு. திங்கள் மாலை சிகாகோவில் ஏறினால் செவ்வாய் காலை ஜெர்மனி. அங்கிருந்து மதியம் ஒன்றரைக்கு டெல்லி விமானம். புதன் விடிகாலை டெல்லி, காலை 9 மணிக்குச் சென்னை, சாயங்காலம் 4 மணிக்குத் திருச்சி. ஆபரேஷனுக்கு முந்தைய இரவு முழுவதும் அப்பாவுடன் இருக்கலாம். காகிதத்தில் கணக்கு அழகாகத்தான் இருந்தது.

அப்பா ரயில்வேக்காரர். மீட்டர் கேஜ் காலத்துச் சின்னச் சின்ன ஸ்டேஷன்களில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து, பொன்மலைப் பக்கம் வீடு கட்டி ஓய்வு பெற்றவர். கடிகாரத்தைப் பார்க்காமலே மணி சொல்வார். ஊருக்குள் வெள்ளைக்காரன் காலத்து ரயில்வே நேரக் கதை பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்: 1906 ஜனவரி 1ல் இந்திய நேரம் என்று ஒன்று வருவதற்கு முன்னால், இந்தியா முழுக்க ரயில்கள் ஓடியது நம்ம மெட்ராஸ் நேரத்தில்தான். நுங்கம்பாக்கம் வானியல் ஆய்வகத்தில் கோல்டிங்ஹாம் என்பவர் 1802ல் கணக்கிட்டு வைத்தது, கிரீன்விச்சைவிட 5 மணி 21 நிமிஷம் முந்தி. பம்பாய்க்காரர்கள் வீட்டுக் கடிகாரத்தில் ஒரு நேரம், ஸ்டேஷனில் மெட்ராஸ் நேரம் என்று இரண்டு வைத்துக்கொண்டு அவதிப்பட்டிருக்கிறார்கள்.

"லேட்டுங்கறதே ரயில் வந்தப்புறம் வந்ததுதான்ப்பா. அதுக்கு முன்னாடி யாரு லேட்டு?" என்பார் அப்பா. யோசித்துப் பார்த்தால் சரிதான். எங்கள் தாத்தாவின் அண்ணன் ரஜூலா கப்பலில் மலேயா போனவர். நாகப்பட்டினத்தில் சத்திரத்தில் தங்கிக் கப்பலுக்குக் காத்திருப்பார்களாம். கப்பல் கரைக்கு வராது, தோணியில் போய் ஏற வேண்டும். கடல் கொந்தளித்தால் இன்னும் காத்திருக்க வேண்டும். அக்கரையில் இறங்கியதும் தொற்றுநோய் முகாமில் வேறு. அதையெல்லாம் அவர் தாமதம் என்று ஒருநாளும் சொன்னதில்லையாம். அது பிரயாணத்திலேயே சேர்த்தி.

சரி, ஜெர்மனிக்கு வருவோம். சிகாகோவில் இறக்கையில் படிந்த பனியை மருந்து அடித்துக் கழுவ இரண்டரை மணி நேரம் ஆகியும் இணைப்பு விமானத்தைப் பிடித்துவிட்டேன். பிடித்த பிறகுதான் தெரிந்தது, அது கிளம்பப் போவதில்லை என்று. பலகையில் ஒன்றரை என்பது மூன்றரை ஆனது. பிறகு ஐந்தரை. பிறகு நேரமே இல்லாமல் வெறும் 'தாமதம்'. கேட்டில் நின்ற பெண்ணிடம் கேட்டால் தோளைக் குலுக்கினாள். விமானம் வெளியே கண்ணெதிரே நிற்கிறது. வானம் துடைத்துவிட்டது போல் சுத்தமாக இருக்கிறது. ஏன் கிளம்பவில்லை?

காரணம் 6000 கிலோமீட்டர் தள்ளி டெல்லியில் இருந்தது. முன்பெல்லாம் விமானங்கள் கிளம்பிப் போய், இறங்க வேண்டிய ஊருக்கு மேலே வட்டமடிக்கும். 1973ல் எண்ணெய் விலை ஏறியது. 1981 ஆகஸ்டில் அமெரிக்கக் கட்டுப்பாட்டு ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்து, அதிபர் ரீகன் 11,000க்கும் மேற்பட்டவர்களை வேலையிலிருந்து நீக்கினார். மேலே சுற்றும் விமானங்களைக் கவனிக்க ஆள் இல்லை. அதிலிருந்து, இறங்க இடம் கிடைக்காது என்று தெரிந்தால் கிளம்பும் இடத்திலேயே தரையில் நிறுத்தி வைக்கும் பழக்கம் வலுத்தது. அப்பா பாஷையில் சொன்னால், அடுத்த ஸ்டேஷன் லைன் கிளியர் கொடுக்காமல் வண்டியை விடாதே என்பதுதான். பாதுகாப்பு, எண்ணெய் மிச்சம் எல்லாம் உண்டு. ஆனால் வாசலில் உட்கார்ந்திருப்பவனுக்கு எதிரே நிற்கும் விமானம் ஏன் நகரவில்லை என்பது மட்டும் விளங்காது, யாராவது எடுத்துச் சொல்லும்வரை.

எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. 7 மணிக்கு அக்கா போன் செய்தாள். இந்தியாவில் இரவு பதினொன்றரை. "தம்பி, எங்கடா இருக்க? அப்பா தூங்காம கேட்டுக்கிட்டே இருக்கார், வண்டி எந்த ஸ்டேஷன் தாண்டியிருக்குன்னு." என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது ஒன்று தோன்றியது. இதே ஐரோப்பா–இந்தியா வழியில் முதன்முதலாகப் பறந்தவர்கள் என்ன பாடுபட்டிருப்பார்கள்? பிறகு ஊர் வந்து தேடிப் படித்தேன்.

லண்டனிலிருந்து இந்தியாவுக்குப் பயணிகள் விமானம் தொடங்கியது 1929 மார்ச் 30. இம்பீரியல் ஏர்வேஸ் என்ற கம்பெனி. லண்டன்–கராச்சி 7 நாள், கட்டணம் 130 பவுண்டு. 'விமானம்' என்று சொன்னாலும் முழுக்க விமானம் இல்லை. குராய்டனிலிருந்து சுவிட்சர்லாந்தின் பாசல் வரை விமானம். நடுவில் ஆல்ப்ஸ் மலை, அதனால் பாசலிலிருந்து இத்தாலியின் ஜெனோவா வரை ரயில். அங்கிருந்து தண்ணீரில் இறங்கும் பறக்கும் படகில் மத்தியதரைக் கடலைத் தாண்டி எகிப்து. பிறகு வேறொரு விமானம் பிடித்துப் பாக்தாத், பாஸ்ரா, பாரசீகக் கரை வழியாகக் கராச்சி. அந்த வருஷ டிசம்பர் கடைசியில் டெல்லி வரைக்கும் நீட்டினார்கள்.

ராத்திரியில் பறப்பது கிடையாது. பாலைவனத்தில் வழி தெரிய, தரையில் கலப்பை ஓட்டிச் சால் போட்டு வைத்திருந்தார்கள். விமானி அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டே பறப்பார். இராக் பாலைவனத்தில் ருத்பா என்ற இடத்தில் கோட்டைக்குள் சாப்பாடு, படுக்கை. 1932ல் பாரசீகக் கரை வழியாகப் பறப்பதற்கான அனுமதி கைவிட்டுப் போனதும் வளைகுடாவின் அக்கரைக்கு மாறினார்கள். அப்போது பயணிகள் இரவு தங்கக் கோட்டை மாதிரி ஒரு விடுதி கட்டிய ஊர் எது தெரியுமா? ஷார்ஜா! இன்று நம் சொந்தக்காரர்கள் பாதிப் பேர் இருக்கும் அதே ஷார்ஜா. அந்தக் கட்டடம் இப்போது அல் மஹட்டா என்ற அருங்காட்சியகம்.

இதில் நான் கவனித்த விஷயம், அந்த 7 நாள் கால அட்டவணைக்குள்ளேயே தங்குமிடமும் சாப்பாடும் இருந்தன. காற்று மாறினால் இன்னொரு நாள் தங்குவார்கள். காத்திருப்பதற்கென்று இடம் கட்டி வைத்திருந்தார்கள். இன்றைக்கு அந்த 7 நாளை 9 மணி நேரமாகச் சுருக்கிவிட்டோம். சுருக்கும்போது முதலில் வெட்டி எறிந்தது அந்தத் தங்குமிடத்தைத்தான்.

நாடுகள் வானத்தை மூடும் கதையும் அன்றோடு முடியவில்லை. 2019ல் சில மாதங்கள் பாகிஸ்தான் தன் வான்வெளியை மூடியது. 2022ல் ரஷ்யா ஐரோப்பிய விமானங்களுக்கு மூடியது. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் மறுபடி இந்திய விமானங்களுக்கு மூடியது. ஒவ்வொரு முறையும் டெல்லியிலிருந்து மேற்கே போகும் விமானங்கள் சுற்றிப் போயின. எண்ணெய் நிரப்ப நடுவில் இறங்க வேண்டிவந்த விமானங்களும் உண்டு.

ஜெர்மனியில் இரவு பத்தரை மணிக்கு ஒருவழியாக எங்கள் விமானம் நகர்ந்தது. அந்த நிலையத்தில் இரவு 11க்கு மேல் பறக்கத் தடை. இன்னும் அரை மணி போயிருந்தால் மறுநாள்தான். ஐரோப்பாவின் இப்படிப்பட்ட இரவுத் தடைகளும், இணைப்பு விமானங்களின் கணக்கும் சேர்ந்துதான் அங்கிருந்து வருபவை பெரும்பாலும் நடுராத்திரி 12க்கும் 2க்கும் நடுவே டெல்லி வந்து சேர்கின்றன. பனியும் சரியாக அந்த நேரத்தில்தான் இறங்கத் தொடங்கும்!

பனி ஏன் என்று ஒரு வார்த்தை. மேற்கிலிருந்து வரும் மழை மேகங்கள் தரையை நனைத்துவிட்டுப் போகும். கங்கைச் சமவெளி முழுக்கக் கோதுமைக்குத் தண்ணீர் பாய்ச்சியிருப்பார்கள். மேகமில்லாத ராத்திரியில் தரைச் சூடு முழுவதும் மேலே போய்விடும். காற்று அசையாது. ஈரம் அப்படியே தரையோடு உறைந்து நிற்கும். புகையும் தூசியும் சேர்ந்தால் இன்னும் கெட்டி. 2015 முதல் டெல்லி விமான நிலையத்திலேயே கருவிகள் வைத்து விஞ்ஞானிகள் இந்தப் பனியை ஆராய்கிறார்கள். 'கேட் த்ரீ' என்ற கருவி வசதியால் ஓடுபாதை 50 மீட்டர் தெரிந்தாலே இறங்க முடியும். ஆனால் அதற்கு விமானமும் தயாராக இருக்க வேண்டும், விமானிக்கும் தனிப் பயிற்சி வேண்டும். கிளம்புவதற்கோ 50 மீட்டர் போதாது, அதற்கும் மேல் தெரிய வேண்டும். கிளம்ப முடியாதவை இடத்தைக் காலி செய்யாது, வருபவை நிற்க இடம் இருக்காது. காலையில் ஒன்று தாமதமானால் அதே விமானம் அன்றைக்குப் போக வேண்டிய நாலு ஊருக்கும் தாமதம். தெளிந்த மதியத்தில் சென்னையில் உட்கார்ந்துகொண்டு "இங்க பனியே இல்லையே" என்று நாம் புலம்புவது இதனால்தான்.

புதன் காலை பத்தரை. டெல்லிக்கு மேலே வந்துவிட்டோம். அன்றைக்கு வழக்கத்துக்கு மாறாக அந்த நேரத்திலும் பனி விலகவில்லை. முக்கால் மணி நேரம் வட்டமடித்துவிட்டு அகமதாபாத்துக்குத் திருப்பினார்கள். இறங்கியும் விமானத்தை விட்டு இறங்க முடியவில்லை. குடிநுழைவு டெல்லியில்தான். நான் போய்க் கெஞ்சினேன். "இது இந்தியாதானே? இங்கேயே இறக்கிவிட்டால் நான் சென்னைக்குப் போய்க்கொள்கிறேன்" என்றேன். பெட்டி உள்ளே இருக்கிறது, அனுமதி இல்லை என்றார்கள். அதற்குள் விமானிகளின் வேலை நேரம் முடிந்துவிட்டது. வேறு விமானிகள் வர வேண்டும். நாலு மணி நேரம் நாற்காலியில், பிறகு ஒரு ஹாலில். பக்கத்தில் ஒரு பஞ்சாபித் தாத்தா மூச்சிழுப்புக்கு இழுக்கும் குப்பி தீர்ந்துபோய் உட்கார்ந்திருந்தார். கைக்குழந்தைக்காரிகள் வெந்நீருக்கு அலைந்தார்கள். கோபத்தில் ஒருவர் விமானப் பணிப்பெண்ணைப் பார்த்துக் கத்தினார். பாவம், அந்தப் பெண்ணும் எங்களோடு மாட்டிக்கொண்டவள்தான்.

அகமதாபாத் என்றதும் இன்னொரு கதை சொல்லாமல் போக முடியாது. 1932 அக்டோபர் 15ல் ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து ஒரு சின்ன பஸ் மாத் விமானத்தில், இம்பீரியல் ஏர்வேஸ் கொண்டுவந்த தபாலை எடுத்துக்கொண்டு இதே அகமதாபாத்தில்தான் எண்ணெய் போட இறங்கினார். எண்ணெய் டின்கள் மாட்டு வண்டியில் வந்தனவாம். பிறகு பம்பாய் ஜுஹு. அங்கிருந்து அவருடைய கூட்டாளி நெவில் வின்சென்ட் தபாலை எடுத்துக்கொண்டு பெல்லாரியில் ராத்தங்கி, மறுநாள் சென்னை வந்து சேர்ந்தார். ரேடியோ கிடையாது, ராத்திரி விளக்கு கிடையாது, ஜுஹு மைதானம் மழைக்காலத்தில் சேறு. அப்படியிருந்தும் அந்தச் சேவை நேரம் தவறவில்லை என்று அரசாங்கத்தின் விமானத் துறை ஆண்டறிக்கையே எழுதியது. இம்பீரியல் ஏர்வேஸ்காரர்களைக் கொஞ்ச நாள் டாடாவிடம் அனுப்பி, எப்படிச் செய்கிறார்கள் என்று பார்த்துவரச் சொல்லலாம் என்று கிண்டல் வேறு! சென்னை வரை வந்த இந்தியாவின் முதல் டாடா விமானத்தின் பெயர் நேரந்தவறாமைக்குத்தான். இதை நினைத்தால் நமக்கே கொஞ்சம் கர்வமாக இருக்கும்.

அவசரத்துக்கும் விலை உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1948 ஜூன் 8ல் ஏர் இந்தியாவின் முதல் லண்டன் விமானம், 'மலபார் பிரின்சஸ்', பம்பாயிலிருந்து கெய்ரோ, ஜெனீவா வழியாகப் போனது. அதே விமானம் 1950 நவம்பர் 3ல் ஐரோப்பாவின் மாண்ட் பிளாங்க் சிகரத்தில் மோதி 48 பேர் இறந்தார்கள். 1966 ஜனவரி 24ல் 'கஞ்சன்ஜங்கா' என்ற போயிங் 707, சிகரத்தைத் தாண்டிவிட்டோம் என்ற தவறான கணிப்பில் இறங்க ஆரம்பித்து, அதே மலையில் மோதியது. 117 பேர். அணு விஞ்ஞானி ஹோமி பாபாவும் அதில் ஒருவர். 2012 ஆகஸ்டில் அந்தப் பனிப்பாறை உருகிய இடத்தில் மலையேறுகிறவர்கள் ஒரு சாக்கைக் கண்டெடுத்தார்கள். இந்திய வெளியுறவு அமைச்சகத்தின் தபால் பை. உள்ளே 1966 ஜனவரியின் பழைய 'தி ஹிந்து', 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகைகள், காலண்டர்கள், ஒரு கடிதம். பாரிஸில் இருக்கும் நம் தூதரகத்தில் ஒப்படைத்தார்கள். 46 வருஷம் தாமதமான தபால். பனியில் இறங்காமல் திருப்பிக்கொண்டு போன விமானியை நான் ஒருநாளும் திட்டியதில்லை.

சரி, மாமியின் கேள்விக்கு வருகிறேன். யாரும் கேட்க முடியாதா? முடியும் என்று 1929லேயே எழுதி வைத்திருக்கிறார்கள். இந்திய விமானச் சேவை தொடங்கிய அதே வருஷம், அக்டோபர் 12ல் வார்சாவில் ஒரு சர்வதேச உடன்படிக்கை கையெழுத்தானது. அதன் 19வது பிரிவு, தாமதத்தால் பயணிக்கு நஷ்டம் வந்தால் கம்பெனி பொறுப்பு என்கிறது. அடுத்த பிரிவு, கம்பெனி தன்னால் ஆன நடவடிக்கைகளை எடுத்திருந்தால் பொறுப்பில்லை என்கிறது! ஒரு கையால் கொடுத்து மறு கையால் வாங்கிக்கொண்டார்கள். இந்தியாவில் 1934ல் இதற்குச் சட்டம் வந்தது. 1999ல் இதைப் புதுப்பித்து மாண்ட்ரியல் உடன்படிக்கை வந்தது. இந்தியா 2009ல் சேர்ந்தது. தாமத நஷ்டத்துக்கு உச்சவரம்பு, ஐ.எம்.எப். கணக்குப் பணத்தில் முதலில் 4150 ஆக இருந்து, 2024 டிசம்பர் கடைசியிலிருந்து 6303 ஆனது. இது தானாக வராது. நஷ்டத்தை நாம்தான் ரசீதோடு காட்ட வேண்டும். இரண்டு வருஷத்துக்குள் வழக்குப் போட வேண்டும்.

ஐரோப்பியர்கள் இன்னொரு வழியில் போனார்கள். 2005 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த அவர்களுடைய சட்டப்படி, ஐரோப்பாவிலிருந்து கிளம்பும் எந்த நாட்டு விமானமானாலும், நெடுநேரம் தாமதித்தால் சாப்பாடு, தேவைப்பட்டால் ஓட்டல், இரண்டு போன் தர வேண்டும். 3 மணி நேரத்துக்கு மேல் தாமதமாகச் சேர்ந்தால் 250 முதல் 600 யூரோ வரை உண்டு என்று 2009ல் அவர்களுடைய உச்ச நீதிமன்றம் சொன்னது. வானிலை போன்ற காரணத்துக்கு அந்தப் பணம் கிடையாது. ஆனால் சாப்பாடும் ஓட்டலும் எந்தக் காரணமானாலும் உண்டு. 2010 ஏப்ரலில் ஐஸ்லாந்து எரிமலைச் சாம்பலால் சுமார் 1 லட்சம் விமானங்கள் ரத்தானபோது மாட்டிக்கொண்ட ஒரு பயணி வழக்குப் போட்டு, எரிமலை வெடித்தாலும் சோறு போட்டாக வேண்டும் என்று 2013ல் தீர்ப்பு வாங்கினார். நான் ஜெர்மனியில் 9 மணி நேரம் என் காசில் ரொட்டி வாங்கித் தின்றபோது இந்தத் தீர்ப்புக்கு ஒரு வயது. எனக்குத் தெரியாது. தெரிவிக்க வேண்டியவர்கள் தெரிவிக்கவில்லை.

அமெரிக்காவில் வேறு மாதிரி. 1999 ஜனவரியில் டெட்ராய்ட்டில் பனிப்புயலில் ஆயிரக்கணக்கான பயணிகள் நின்ற விமானங்களுக்குள்ளேயே அடைபட்டார்கள், சிலர் 8 மணி நேரத்துக்கும் மேல். 2007ல் நியூயார்க்கில் மறுபடி அதே கதை. அதன் பிறகுதான் 2010ல் உள்நாட்டு விமானத்தில் 3 மணி நேரத்துக்கு மேல் தரையில் அடைத்து வைக்கக் கூடாது என்றும், 2011ல் வெளிநாட்டு விமானத்துக்கு 4 மணி என்றும் விதி வந்தது.

இந்தியாவில் 2010 ஆகஸ்டில் விமானத் துறை இயக்குநரகம் விதி போட்டது. காத்திருக்கும் நேரத்தைப் பொறுத்துச் சாப்பாடு, 24 மணி நேரத்துக்கு மேல் போனால் ஓட்டல், ராத்திரி விமானம் 6 மணி நேரத்துக்கு மேல் தாமதமானாலும் ஓட்டல். ரத்தானால் நஷ்ட ஈடு உண்டு. வெறும் தாமதத்துக்குப் பணம் கிடையாது. 2024 ஜனவரியில் டெல்லிப் பனியால் திருப்பிவிடப்பட்ட ஒரு விமானத்தின் பயணிகள் மும்பையில் விமானத்துக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து சாப்பிட்ட படத்தை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அந்த வாரம்தான் இயக்குநரகம் புதிய உத்தரவு போட்டது: தாமதத்தை உடனுக்குடன் சரியாகத் தெரிவிக்க வேண்டும், பயணிகளுக்குக் காரணத்தோடு விளக்க வேண்டும். 1929லிருந்து கணக்குப் போட்டால், "ஏன் லேட் என்று சொல்" என்று தனியாக உத்தரவு போட இந்த நாட்டில் 95 வருஷம் ஆகியிருக்கிறது.

புதன் இரவு பதினொன்றுக்கு முன்னால் டெல்லியில் இறங்கினேன். சென்னை விமானம் எப்போதோ போயிருந்தது. புதிதாக டிக்கெட் வாங்கினேன், வியாழன் காலை 6 மணிக்கு. ராத்திரி மறுபடி பனி. அது கிளம்பியது பதினொன்றரைக்கு. அப்பாவை எட்டு மணிக்கு ஆபரேஷன் தியேட்டருக்குள் கொண்டுபோனபோது நான் டெல்லி உள்நாட்டு முனையத்தில் ஒரு தூணில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தேன். சென்னையில் இறங்கும்போது மணி இரண்டரை. "நல்லபடியா முடிஞ்சுது, ஐசியூவுக்கு மாத்திட்டாங்க" என்று அக்காவின் செய்தி வந்திருந்தது. பொங்கல் கூட்டத்தில் பஸ் பிடித்துத் திருச்சி போய்ச் சேர்ந்தது இரவு 11 மணி. போட்ட கணக்கைவிட 31 மணி நேரம் தாமதம்.

மறுநாள் காலை ஐந்து நிமிஷம் பார்க்க விட்டார்கள். மூக்கில் குழாய். என்னைப் பார்த்ததும் கையை லேசாக அசைத்தார். குனிந்தேன்.

"எத்தனை மணி நேரம்?"

"முப்பத்தொண்ணுப்பா."

கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு கேட்டார், "காரணம் சொன்னாங்களா?"

"இல்லப்பா. கடைசி வரைக்கும் ஒழுங்கா யாரும் சொல்லல."

"அதான் தப்பு" என்றார். நர்ஸ் பேசக் கூடாது என்று விரட்டினாள்.

வீட்டுக்கு வந்து தேறிய பிறகு அதை விளக்கினார். ராத்திரி 2 மணிக்குப் புயலில் வண்டி நின்றால் பிளாட்பாரத்தில் நூறு பேர் இருப்பார்கள். அவரிடம் வண்டியும் கிடையாது, சோறும் கிடையாது. அரை மணிக்கு ஒருதரம் விளக்கை எடுத்துக்கொண்டு போய், வண்டி எந்த ஸ்டேஷனில் நிற்கிறது, ஏன் நிற்கிறது, அடுத்த சேதி எப்போது வரும் என்று மட்டும் சொல்லிவிட்டு வருவாராம். "அது போதும்ப்பா. ஜனங்க படுத்துத் தூங்கிடுவாங்க. ஒண்ணும் சொல்லாம ரூமுக்குள்ள உக்காந்தாத்தான் கல் எறிவாங்க."

அதன் பிறகு ஒன்பது வருஷம் இருந்தார். நான் ஊருக்குக் கிளம்பும்போதெல்லாம் போனில் முதல் கேள்வி, "எந்த ஸ்டேஷன்?" என்பதுதான். விமான நிலையத்தில் நின்றுகொண்டு "இன்னும் லைன் கிளியர் வரலப்பா" என்பேன். சிரிப்பார்.

மாமியிடம் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். ஊரில் முக்கியமான காரியம் என்றால், பனிக்காலத்தில் டெல்லி வழியாக வருவதைத் தவிர்க்கப் பாருங்கள். சென்னைக்கோ திருச்சிக்கோ வளைகுடா, சிங்கப்பூர் வழியாக வர முடிந்தால் வாருங்கள். முடியாவிட்டால் நடுவில் ஒரு முழு நாள் விட்டு டிக்கெட் போடுங்கள். 1929ல் போட்ட மாதிரி. மருந்தையும் குழந்தைக்கு வேண்டியதையும் கைப்பையில் வையுங்கள். போர்டிங் பாஸ், சாப்பாட்டு ரசீது எதையும் தூக்கிப் போடாதீர்கள். தாமதத்துக்கான காரணத்தை எழுத்தில் கேளுங்கள், கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. கவுன்ட்டரில் நிற்கும் பெண்ணிடம் கத்தாதீர்கள், அவளுக்கும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

வீட்டில் காத்திருப்பவர்களுக்கு அரை மணிக்கு ஒருதரம் போன் போடுங்கள். சொல்ல ஒன்றும் இல்லாவிட்டாலும் போடுங்கள். அன்றைக்கு ஜெர்மனியில் அக்காவிடம் என்ன சொல்வது என்று தெரியாமல் நான் போனை வைத்துவிட்டேன். "இன்னும் இங்கதான் நிக்கிறேன்ப்பா" என்று அப்பாவிடம் நேராகச் சொல்லியிருக்கலாம். அவர் படுத்துத் தூங்கியிருப்பார்.